எடை குறைக்க ரெடிமேட் டயட் சாப்பாட்டு பாக்கெட் வாங்கலாமா?

வாங்கலாம். மூன்று வேளையும் அதுதான் என்றால் வேண்டாம். உங்கள் ரூமில் அடுப்பு இல்லை, ஷிப்ட் வேலை என்று நானாகவே நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். என் தம்பியின் நிலைமை அதுதான்.

அவனுக்கு ஓசூர் சிப்காட்டில் வேலை. நாங்கள் பாலக்கோடு பக்கம். சர்க்கரை பார்டரில் இருக்கிறது, எடையைக் குறை என்று டாக்டர் சொன்னதும் மாதச் சந்தா கட்டி டயட் பாக்கெட் வரவழைத்தான். சொந்தக்காரர்கள் சிலர் திட்டினார்கள். நான் திட்டவில்லை. நைட் ஷிப்ட் நடுவில் அவனுக்குக் கிடைப்பது பரோட்டாவும் பேக்கரி பப்ஸும். அதற்கு இது எவ்வளவோ மேல். கெடாமல் இருக்க ரசாயனம் கொட்டுகிறார்கள் என்று இங்கே யாராவது சண்டைக்கு வருவார்கள். எல்லாமே அப்படியில்லை. காற்றுப் புகாமல் ஒட்டிய பையை 121 டிகிரி அளவுக்குச் சூடேற்றி எடுத்தால், பதப்படுத்தும் பொருள் சேர்க்காமலே மாதக்கணக்கில் இருக்கும்.

எனக்குக் கோபம் வந்தது அவன் ரூமில் உட்கார்ந்து பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்தபோது. முன்னால் கொட்டை எழுத்தில் 'கேழ்வரகு நூடுல்ஸ்'. பின்னால் பொடி எழுத்தில் முதல் சேர்மானம் கோதுமை மாவு, கேழ்வரகு நான்காவது. எது எடையில் அதிகமோ அதை முதலில் போட வேண்டும் என்பது நம் நாட்டு விதி. ஆக, முதல் இரண்டு மூன்று பெயர்தான் உங்கள் வயிற்றுக்குள் போவது. கேழ்வரகு விளைகிற மாவட்டத்துக்காரிக்கு இது வலிக்காதா? தருமபுரி ரேஷன் கடையிலேயே 2023-இல் கேழ்வரகு கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

இன்னொரு பாக்கெட்டில் சோடியம் 780 மில்லிகிராம் என்றிருந்தது. அது ஒரு சர்விங்குக்கு, அதாவது ஒரு தடவை சாப்பிட கம்பெனிக்காரன் கணக்குப் போட்ட அளவுக்கு. உள்ளே இருப்பது இரண்டு சர்விங். பசியோடு இருக்கிறவன் பாதியை யாருக்காக மிச்சம் வைப்பான்? முழுசாகச் சாப்பிட்டால் 1560. நாள் முழுவதற்கும் சேர்த்தே 2000-க்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கலோரியும் அதே மாதிரி இரட்டிப்பாகும்.

அப்புறம், 'வீட்டுச் சாப்பாடுதான் நல்லது' என்று ஒரே வரியில் பதில் போடுகிறவர்களுக்கு ஒன்று கேட்கிறேன். யார் சமைப்பது? விடிகாலையில் களி கிண்டிப் பாருங்கள். நொய் வெந்து கொதிக்கும்போது மாவைக் கொட்டி, துடுப்பால் நடுவில் குழி போட்டு வேகவிட்டு, இறக்கிவைத்துக் கட்டி தட்டாமல் கிண்டி முடிப்பதற்குள் தோள்பட்டை விட்டுப்போகும். அதையும் செய்து, கீரையும் கடைந்து வைத்துவிட்டு வேலைக்கு ஓடுகிற பெண் ஒரு நாள் பாக்கெட்டைப் பிரித்தால் சோம்பேறி என்கிறீர்கள். ஆம்பளைப் பையனுக்கு மட்டும் 'பாவம், ரூமில் இருக்கிறான்'. எங்கள் வீட்டிலேயே இந்தப் பேச்சு உண்டு.

களி என்றால் சர்க்கரை ஏறாது என்றும் நான் சொல்ல வரவில்லை. கேழ்வரகிலும் மூன்றில் இரண்டு பங்கு மாவுச்சத்துதான். நார்ச்சத்தும் சுண்ணாம்புச் சத்தும் கூடுதல், அவ்வளவே. இரண்டு உருண்டை தின்றால் ஏறத்தான் செய்யும். பாக்கெட்டில் எனக்குப் பிடித்ததே சாப்பாடு அளவாக இருப்பதுதான். இவ்வளவு போதும் என்று தம்பி வயிறு பழகியது அதில்தான். இப்போது நைட் ஷிப்டுக்கு மட்டும் பாக்கெட், அதுவும் பின்பக்கம் படித்து வாங்கியது. மற்ற நேரம் மெஸ்ஸில் சாதத்தைக் குறைத்துக் காய் கூட வாங்கிக்கொள்கிறான். லீவுக்கு வந்தால் ஒரு களி உருண்டை, கொள்ளுக் கடைசல். பேண்ட் தளர்ந்திருக்கிறது.

நான் டயட்டீஷியன் இல்லை. நீங்கள் சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவராக இருந்தால் டாக்டரைக் கேட்காமல் இதில் இறங்காதீர்கள். மருந்து அதே அளவில் இருந்து சாப்பாடு மட்டும் குறைந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கி மயக்கம் வரலாம். தம்பி இன்னும் மாத்திரைக்குப் போகவில்லை, அதனால் அவன் கணக்கு உங்களுக்கு அப்படியே பொருந்தாது.