ஊரும் அவருக்குப் பழக வேண்டும்

கேள்வி: அன்புள்ள அக்கா, நாங்கள் இங்கிலாந்தில் கொவென்ட்ரி நகரத்தில் இருக்கிறோம். பிள்ளைகள் இரண்டு பேரும் வேலைக்கென்று வெளியூர் போய்விட்டார்கள். சும்மா கிடந்த அறைகளில், உக்ரைனின் கார்கிவ் நகரத்தில் இருந்து வந்த ஒரு தாயையும் அவருடைய 15 வயது மகனையும் எட்டு மாதமாக வைத்திருக்கிறோம். அங்கே அவர் தாதியாக இருந்தவர். கவுன்சில், பாங்க், டொக்டர், பள்ளிக்கூடம் எல்லாவற்றுக்கும் நான்தான் போன் எடுத்துப் பேசுகிறேன். ஆனாலும் அவர் நாளுக்கு நாள் அறைக்குள் ஒடுங்கிப் போகிறார். நான் சமைத்தால் இரண்டு வாய் சாப்பிட்டு, நன்றி சொல்லி எழும்பிவிடுகிறார். விசா முடிய இன்னும் பத்து மாதம்தான் இருக்கிறது. இதற்கிடையில் என் மாமி, "நாங்கள் வந்தபோது எங்களுக்கு யார் கதவைத் திறந்தது?" என்று அடிக்கடி சொல்கிறார். நான் எங்கே பிழை விடுகிறேன்?
வாசகி, கொவென்ட்ரி

பதில்: அன்புத் தங்கைக்கு,

"எல்லாவற்றுக்கும் நான்தான் போன் எடுத்துப் பேசுகிறேன்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியில் நின்றுவிட்டேன். உங்கள் அன்பு முழுவதும் அதில் இருக்கிறது. அவர் ஏன் ஒடுங்குகிறார் என்பதற்கான காரணமும் அதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். நோயாளிகளுக்காக டொக்டர்மாரோடு பேசிப் பழகிய பெண், இன்று தனக்கு டொக்டரிடம் நேரம் கேட்கக்கூட இன்னொருவர் வாயை எதிர்பார்த்து நிற்கிறார். எட்டு மாதத்தில் உங்கள் வீடு அவருக்குப் பழகிவிட்டது. ஊர் இன்னும் பழகவில்லை.

அடுத்த முறை போனை அவர் கையில் கொடுங்கள். பக்கத்தில் இருங்கள், ஆனால் பேசாதீர்கள். மருத்துவ நிலையத்திலும் ஜொப்சென்டர் என்ற அரசாங்க வேலை அலுவலகத்திலும் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று முன்கூட்டியே சொன்னால் காசில்லாமல் ஏற்பாடு செய்வார்கள். எந்த மொழியில் வேண்டும் என்பதை அவரிடமே கேளுங்கள். கார்கிவில் ரஷ்ய மொழி பேசி வளர்ந்தவர்கள் ஏராளம். அவர்களில் பலர் போருக்குப் பிறகு அதை வாயில் எடுக்க மறுக்கிறார்கள். நான் வந்த புதிதில் ஓர் அலுவலகத்தில் எனக்குச் சிங்கள மொழிபெயர்ப்பாளரைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். அவர் நல்ல மனிதர்தான். ஆனால் எனக்கு அன்று வாய் திறக்கவில்லை.

இனி விசா. 2024 பெப்ரவரிக்குப் பிறகு உக்ரேனியரை இங்குள்ளவர்களின் வீடுகளில் தங்கவைக்கும் "ஹோம்ஸ் ஃபோர் யுக்ரைன்" திட்டத்தில் வருபவர்களுக்கு 18 மாதம்தான் கொடுக்கிறார்கள். முன்பு வந்தவர்களுக்கு மூன்று வருடம் கிடைத்தது. இதை நீட்டிப்பதற்கு 2025 பெப்ரவரியில் தனியாக ஒரு திட்டம் தொடங்கினார்கள். விண்ணப்பம் இணையத்தில்தான், கட்டணம் இல்லை, நாட்டுக்குள் இருந்துகொண்டே செய்யலாம். விசா முடிவதற்கு எத்தனை நாள் முன்னால் விண்ணப்பிக்கலாம் என்ற விதி அவ்வப்போது மாறுவதால், அரசாங்க இணையத்தளத்தை அவரே மாதம் ஒரு தடவை பார்க்கட்டும். பழைய விசா முடியுமுன் விண்ணப்பித்துவிட்டால், முடிவு வரும்வரை வேலை செய்யும் உரிமையும் வாடகைக்கு இருக்கும் உரிமையும் தொடரும். சில முதலாளிமார் பழைய திகதியைப் பார்த்துப் பயந்து வேலையை நிறுத்திவிடுகிறார்கள். அப்படி ஒரு நிலை வந்தால், உள்துறை அமைச்சிடமே கேட்டு உறுதிசெய்ய முதலாளிக்கு ஒரு வழி இருக்கிறது என்று சொல்லச் சொல்லுங்கள்.

விண்ணப்பத்துக்கு நீங்கள் ஆலோசனை சொல்லப் போகாதீர்கள். இந்த நாட்டில் பதிவு இல்லாதவர் குடிவரவு ஆலோசனை சொல்வது குற்றம். அது ஒருபுறம் இருக்கட்டும். தெரிந்தவர் நிரப்பித் தந்த படிவத்தில் ஒரு திகதி பிழைத்து, அதையே பிடித்துக்கொண்டு வருடக்கணக்கில் அலைந்த எங்கள் ஆட்களை நீங்களும் அறிவீர்கள். இலவசமாக ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அலுவலகத்தில் கேட்டால் பதிவுபெற்ற ஆலோசகரிடம் அனுப்புவார்கள்.

காசு விஷயத்தில் ஒன்று மட்டும். உங்களுக்கு மாதம் வரும் 350 பவுண்ஸ், அவர்களை வைத்திருப்பதற்காக அரசு தரும் நன்றிக்கொடுப்பனவு. அதை வாங்கிக்கொண்டு அவரிடம் வாடகை வாங்க முடியாது. ஆனால் கரண்ட், காஸ் பில்லுக்கு நியாயமாக ஒரு பங்கு கேட்கலாம். கேளுங்கள் என்றுதான் சொல்வேன். பங்கு கொடுப்பவர் அந்தக் குசினியில் தன் பானையை அடுப்பில் வைக்கக் கூசமாட்டார். 2023 தொடக்கத்தில் இருந்து வந்த ஒவ்வொருவருக்கும் கவுன்சிலுக்கு அரசு 5,900 பவுண்ஸ் ஒதுக்கியது. தனி வீடு எடுக்க டெபாசிட் உதவி உண்டா, வாடகைக்குப் பொறுப்பு நிற்கும் ஏற்பாடு உண்டா என்று அவரே கவுன்சிலில் கேட்க வேண்டும். பத்து மாத விசாவோடு வருபவருக்கு வீடு கொடுக்க வீட்டுச் சொந்தக்காரர்கள் தயங்குவார்கள். அதனால் இந்த வேலையை இப்போதே தொடங்குங்கள்.

அவருடைய தொழிலைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. இங்கே தாதியாகப் பதிய என்எம்சி சபையிடம் போக வேண்டும். முதலில் தகுதிச் சான்றிதழ்கள், ஐஈஎல்டிஎஸ் அல்லது ஓஈடி ஆங்கிலப் பரீட்சை, பிறகு கணினியில் ஒரு பரீட்சை, கடைசியில் ஆஸ்கி என்ற செய்முறைப் பரீட்சை. நீளமான வழிதான், செலவும் உண்டு. ஆனால் அதைக் கடந்து வந்த தமிழ்த் தாதிகளை உங்கள் கோவிலிலேயே கண்டுபிடிக்கலாம். அப்படி ஒருவரை ஒரு பின்னேரம் தேத்தண்ணிக்குக் கூப்பிடுங்கள். இரண்டு தாதிகள் ஒரு மேசையில் இருந்து பேசினால், உங்கள் எட்டு மாத உபசரிப்பு செய்யாததை அந்த ஒரு மணித்தியாலம் செய்யும். அதுவரைக்கும் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பராமரிக்க உதவும் ஹெல்த்கெயர் அசிஸ்டன்ட் வேலை தேடலாம். வேலை செய்யும் உரிமை அவருக்கு வந்த நாளில் இருந்தே உண்டு. ஆங்கிலத்துக்குக் கல்லூரியில், வேறு மொழிக்காரருக்கென்று ஈசோல் வகுப்பு இருக்கிறது. தனியாக பஸ் எடுத்துப் போய் வரட்டும்.

மகனைப் பற்றி யோசிக்கிறேன். குண்டுக்குப் பயந்து மெட்ரோ நிலையங்களுக்குள் வகுப்பு நடத்திய நகரம் அது. அந்த ஊர்ப் பிள்ளைகள் பலர் பகலில் இங்கே பள்ளிக்கூடம் போய்விட்டு, மீதி நேரத்தில் உக்ரைன் பாடங்களை இணையத்தில் படிக்கிறார்கள். அவனும் அப்படியென்றால், அதை விடச் சொல்லாதீர்கள். பள்ளிக்கூடத்தில் சொல்லி வீட்டுப்பாடச் சுமையைக் கொஞ்சம் குறைக்க முடியுமா என்று தாய் கேட்கட்டும். இங்கிலாந்தில் பல்கலைக்கழகம் போனால் இந்த விசாக்காரருக்கு உள்ளூர்க் கட்டணமும் மாணவர் கடனும் உண்டு என்பது அவனுக்குத் தெரிந்திருப்பது நல்லது. தகப்பனைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. கேட்கவும் வேண்டாம். 18 முதல் 60 வயது வரையான ஆண்களில் பெரும்பாலானோர் அந்த நாட்டைவிட்டு வெளியேற முடியாது. 2025 ஆகஸ்டில் 22 வயது வரையானவர்களுக்குத்தான் அதைத் தளர்த்தினார்கள். அவர்களாகச் சொல்லும் நாளில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, நவம்பர் 5ஆம் திகதியும் தீபாவளி இரவும் வரும்போது வெடி கொளுத்துவார்கள் என்று ஒரு வாரம் முன்பே இருவருக்கும் சொல்லிவிடுங்கள். ஹெலிகொப்டர் சத்தத்துக்கு மேசைக்குக் கீழே ஓடிய எங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கொவென்ட்ரியில் அவருடைய ஆட்கள் இல்லாமல் இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்து சேர்ந்த உக்ரேனியர்கள் 1946இல் பிரித்தானிய உக்ரேனியர் சங்கத்தைத் தொடங்கினார்கள். உங்கள் ஊரிலும் அதற்குக் கிளை உண்டு. நாங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி நடத்துவதற்கு எத்தனையோ வருடம் முன்பே அவர்கள் சனிக்கிழமை உக்ரேனியப் பள்ளி நடத்தியவர்கள். முதல் தடவை வாசல்வரை கூட்டிக்கொண்டு போங்கள். அங்கே அவரை விட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

மாமியின் கேள்விக்கு வருகிறேன். அது பொறாமை என்று ஒதுக்காதீர்கள். கொமன்வெல்த் நாடுகளில் முதல்முதலாக இலங்கையருக்குத்தான் 1985இல் பிரித்தானியா விசாவைக் கட்டாயமாக்கியது, நாங்கள் ஓடி வந்துகொண்டிருந்த அதே நேரத்தில். 1987 பெப்ரவரியில் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் எங்கள் பெடியன்கள் திருப்பி அனுப்பப்படாமல் இருக்க உடுப்பைக் களைந்து நின்றார்கள். அதே வருடம், விசா இல்லாதவரை ஏற்றிவரும் விமான நிறுவனத்துக்குத் தண்டம் போடச் சட்டம் வந்தது. மாமியின் கோபம் நியாயமானது. அது போய்ச் சேர வேண்டிய இடம் அரசாங்கம். மேல்மாடியில் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு அதில் ஒரு பங்கும் இல்லை.

மாமிக்கு இதையும் சொல்லுங்கள். எங்களில் பலருக்குக் கடைசியில் நிரந்தர வதிவிடம் கிடைத்தது. இவருடைய விசாவில் அந்த வழி கிடையாது. எத்தனை வருடம் நீட்டித்தாலும் நிரந்தர வதிவிடக் கணக்கில் அது சேராது. சட்டத்தின் கண்ணில் அவர் அகதிகூட இல்லை, தற்காலிக அனுமதிக்காரர். பத்து மாதத்துக்குப் பத்து மாதமாக வாழ்க்கையை எண்ணுகிறவருக்குச் சாப்பாடு எப்படி இறங்கும்?

சாப்பாடு என்றதும் நினைவு வருகிறது. போலந்துக் கடையில் பக்வீட் தானியம், புளித்த கிரீம், சதகுப்பைக் கீரை எல்லாம் கிடைக்கும். பீட்ரூட் போட்டுச் செய்யும் போர்ஷ் சூப்பை, பாதுகாக்க வேண்டிய மரபாக யுனெஸ்கோ 2022இல் பட்டியலில் சேர்த்தது. ஞாயிற்றுக்கிழமை குசினியை அவரிடம் விட்டுவிடுங்கள். கடைக்கு அவரோடு மாமியையும் அனுப்புங்கள், நீங்கள் போக வேண்டாம். எந்த பீட்ரூட் நல்லது என்று இரண்டு பேரும் கையால் பேசிக்கொள்வார்கள்.

வீடு ஏதாவது சரிவந்ததா என்று எனக்கு எழுதுங்கள்.