கீழே விழுந்தவரைப் பார்த்த பையன்

கேள்வி: ஆபிரகாம் லிங்கன் சுடப்பட்டபோது அங்கே இருந்த ஒருவர் டி.வி. நிகழ்ச்சியில் வந்தாராம். நண்பர் சத்தியம் செய்கிறார். லிங்கன் எங்கே, டி.வி. எங்கே? கதை விடுகிறார்தானே?

பதில்: பந்தயம் ஏதாவது கட்டியிருந்தால் மரியாதையாகக் கொடுத்துவிடுங்கள்! சாமுவேல் சீமோர் என்பது அவர் பெயர். 1860-ல் அமெரிக்காவின் மேரிலாந்தில் பிறந்தவர். 1956 பிப்ரவரியில், வந்திருப்பவரின் ரகசியத்தைக் கேள்வி கேட்டே கண்டுபிடிக்கும் ஒரு டி.வி. விளையாட்டில் வந்து உட்கார்ந்தார், வயது 95. நியூயார்க்கில் தங்கிய ஹோட்டலில் விழுந்து கண் வீங்கியிருந்தது, வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தும் மனிதர் கேட்கவில்லை. யூடியூபில் இன்றும் பார்க்கலாம்.

1865 ஏப்ரல் 14 இரவு, வாஷிங்டனில் ஃபோர்டு தியேட்டர். பையனுக்கு வயது ஐந்து. கூட வந்த அம்மாள் அவனைத் தூக்கிக் காட்ட, மேலே பால்கனியில் லிங்கன் சிரித்துக்கொண்டே கூட்டத்துக்குக் கையசைக்கிறார். அப்புறம் திடீரென்று ஒரு வெடிச் சத்தம், யாரோ அலறுகிறார்கள், பால்கனியிலிருந்து ஒரு ஆள் மேடையில் வந்து விழுகிறான். ஜனாதிபதி சுடப்பட்டதே பையனுக்குத் தெரியாது. அவன் கவலையெல்லாம் விழுந்த ஆளுக்கு அடிபட்டிருக்குமே, யாராவது போய்த் தூக்கிவிட வேண்டாமா என்பதுதான். விழுந்தது யார் தெரியுமா? சுட்டுவிட்டுக் குதித்த ஜான் வில்க்ஸ் பூத்!

எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடம் இதுதான். பெரியவராகிச் சொல்லும்போது 'எனக்கு அப்போதே புரிந்துவிட்டது' என்று கொஞ்சம் சேர்த்துக்கொண்டிருக்கலாம், யார் வந்து மறுக்கப்போகிறார்கள்? அவர் சேர்க்கவில்லை.

கேள்வி: சரி, நடுவில் 90 வருஷம் என்ன செய்தார்?

பதில்: தச்சு வேலை, கட்டட கான்ட்ராக்ட். ரைட் சகோதரர்கள் பறந்தபோது அவருக்கு 43, ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது 85. நிகழ்ச்சியில் 80 டாலர் பரிசு கொடுத்தார்கள். ஸ்பான்சர் சிகரெட் கம்பெனி, இவரோ பைப் பிடிப்பவர், அதனால் ஒரு டப்பா பைப் புகையிலையும் கையில் கொடுத்து அனுப்பினார்கள். இரண்டே மாதத்தில், ஏப்ரல் 12 அன்று, காலமானார். டப்பா தீர்ந்ததா என்று கேட்காதீர்கள்.