அண்ணனின் பழைய இயர்பட்ஸை தங்கை போடலாமா?

கேள்வி: கொழும்பில் வேலை செய்யும் மகன் தன் பழைய இயர்பட்ஸை தங்கைக்குக் கொடுத்திருக்கிறான். உயர்தரம் படிக்கும் அவள் ஒன்லைன் வகுப்புக்கு மணிக்கணக்கில் போடுகிறாள். இப்போது வலது காது அரிக்கிறது. அண்ணனின் கிருமி தொற்றிவிட்டதா? டெட்டோலில் துடைக்கலாமா? பூண்டு காய்ச்சிய எண்ணெய் விடலாமா?
- ஒரு தாய், மஸ்கெலியா

பதில்: அம்மா, அரிப்பு முழுதாக நிற்கும்வரை மகள் அதைப் போடவே வேண்டாம். எவ்வளவு சுத்தம் செய்தாலும் சரி. வகுப்பைப் போன் ஸ்பீக்கரில் கேட்கட்டும்.

எண்ணெயும் வேண்டாம். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் அது நடுக்காதுக்குள் இறங்கிவிடும். ஓட்டை இருக்கிறதா என்று வீட்டில் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. பூண்டு வேறு, புண்ணான தோலை இன்னும் எரிய வைக்கும்.

அண்ணனின் கிருமியை நினைத்துத்தான் பயப்படுகிறீர்கள். எனக்கு அதைவிட ஈரத்தின் மேல்தான் சந்தேகம். காதுக் குறும்பி அழுக்கு அல்ல. அதன் இலேசான புளிப்புத் தன்மை பக்டீரியாவையும் பூஞ்சையையும் அடக்கி வைக்கிறது, அதுவே மெல்ல வெளியே நகர்ந்தும் வந்துவிடும். இயர்பட் அடைத்துக்கொண்டால் குறும்பி உள்ளே தள்ளப்படும், காற்றும் போகாது, தோல் ஊறிப்போகும். துவைத்த துணியே நாள்கணக்கில் காயாத மழைக்காலம் உங்கள் பக்கத்தில் வேறு. தலை குளித்த ஈரக் காதோடு வகுப்பில் உட்கார்ந்தால் பூஞ்சைக்கு அது போதும். அரிக்கிறதென்று ஹேர்பின்னாலோ கொட்டன் பட்ஸாலோ சுரண்டினால் தோல் கீறி, கிருமி உள்ளே புக வழி கிடைத்துவிடும்.

காது ஆறிய பிறகு இயர்பட்ஸைச் சுத்தம் செய்யலாம். டெட்டோல் வேண்டாம், அது தோலை எரிச்சலாக்கும். ரப்பர் முனைகளைக் கழற்றி வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, மேசை மேல் ஒரு இரவு காய விடுங்கள். ஸ்பஞ்சு முனையாக இருந்தால் கழுவிப் பயனில்லை, புதிது வாங்கிப் போடுங்கள். சத்தம் வரும் வலையில் ஒட்டியிருக்கும் குறும்பியை, வலை கீழ்நோக்கி இருக்கப் பிடித்துக்கொண்டு, காய்ந்த மென்மையான பிரஷ்ஷால் தட்டுங்கள். ஊசியால் குத்தாதீர்கள். இயர்பட்டின் வெளிப்புறத்துக்கு பாமசியில் கிடைக்கும் 70% அல்கஹோல். அதைவிடக் கடுமையானது நல்லதென்று நினைக்க வேண்டாம்: கிருமியைக் கொல்ல அதில் கொஞ்சம் தண்ணீரும் வேண்டும், 99% சட்டென்று ஆவியாகிவிடும். துணியில் சிறிது நனைத்துத் துடையுங்கள். வலைக்குள்ளே போகக்கூடாது, தண்ணீரில் முழுதாக அமிழ்த்தவும் கூடாது. சார்ஜ் பெட்டியைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். அதன் உள்பக்கத்தையும் துடைத்து, எல்லாம் காய்ந்த பிறகே மூடுங்கள்.

ஹெட்போனாக இருந்தால் காதுத் துவாரத்தை அடைக்காது, இந்தப் பிரச்சினை குறைவு. முடிந்தால் அதையே வாங்கிக் கொடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு பாடம் முடிந்ததும் கழற்றிக் காதுக்குக் காற்று விடட்டும். கூட்டாளிகளோடு ஆளுக்கொரு பக்கமாகப் போட்டுக் கேட்பதும் வேண்டாம்.

அரிப்பு சில நாளில் குறையாவிட்டால், காது மடலை இழுத்தால் வலித்தால், சீழ் வந்தால், காது அடைத்துக் கேட்காமல் போனால் டிக்கோயா ஆதார வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். யாருக்கோ கொடுத்த சொட்டு மருந்து மீதி இருக்கிறதென்று விடாதீர்கள். செவிப்பறை ஓட்டையாக இருந்தால் சில சொட்டு மருந்துகள் கேட்கும் திறனையே கெடுக்கும். போகும்போது காதைத் துடைத்துவிட வேண்டாம், சீழ் இருந்தால் மருத்துவர் அதைப் பார்க்க வேண்டும்.