குமுளி ஹோம்ஸ்டே வெப்சைட்டுக்கு எவ்ளோ கேக்கலாம்?

கேள்வி: குமுளியில ஹோம்ஸ்டே வச்சிருக்கற ஒரு சேட்டன், ஆன்லைன் புக்கிங்கோட வெப்சைட் வேணும், 15,000-க்கு முடிச்சுக் கொடுன்னு கேக்கறாரு. எவ்ளோ சொல்றது? கேரளா பார்ட்டிங்கறதால ஜிஎஸ்டி எடுக்கணுமா?
– வாசகர், கம்பம்

பதில்: தம்பி, அவர் சொன்ன தொகைய விட்டுட்டு முதல்ல உங்க மணிக்கணக்கப் போடுங்க. வீட்டுச் செலவு, நெட், கரண்ட், லேப்டாப் தேய்மானம் எல்லாம் சேத்து மாசம் 32,000 வேணும்னு வைங்க, பில் போடற மாதிரி உருப்படியா வேலை நடக்கறது 80 மணி நேரம்தான் இருக்கும், மிச்சமெல்லாம் போன் பேச்சுலயும் கொட்டேஷன்லயும் போயிடும், அப்போ மணிக்கு 400 ஆச்சு. இந்த சைட்டுக்கு 60 மணி நேரம்னா 24,000, மேல கால்வாசி சேத்து 30,000 தைரியமா சொல்லுங்க. அந்தக் கால்வாசிய மட்டும் விட்டுடாதீங்க, ஏன்னா புக்கிங்தான் ஆளை இழுத்துப் போடும்: ஒரே ரூமை ரெண்டு பேர் ஒரே நேரத்துல புக் பண்ணா என்ன பண்றது, பணம் போயும் கன்ஃபர்ம் ஆகலன்னா யார் பாக்கறது, ஐயப்ப சீசனுக்கு ரேட் தனியா வேணுமா, இதெல்லாம் கேட்டு எழுதி வாட்ஸ்அப்லயாவது சம்மதம் வாங்கிடுங்க.

ஜிஎஸ்டிக்கு பயப்படாதீங்க. வெளி மாநிலத்துக்கு சர்வீஸ் பண்ணாலும் வருஷ டர்னோவர் 20 லட்சம் தாண்டற வரைக்கும் ரெஜிஸ்டர் பண்ண வேண்டாம்னு 2017 அக்டோபர்லயே விலக்கு வந்துடுச்சு. ஆனா ரெஜிஸ்டர் பண்ணாம பில்லுல 18 சதவீதம் போட்டு வாங்கக் கூடாது.

பாதி அட்வான்ஸ் வந்தப்புறம் வேலைய ஆரம்பிங்க. டொமைன் (சைட்டோட முகவரி), ஹோஸ்டிங் (சைட்டை வைக்கற சர்வர் இடம்) ரெண்டும் அவர் பேர்லயே, அவர் காசுலயே வாங்க வைங்க. 15,000-க்கு மேல முடியாதுன்னா ரேட்டக் குறைக்காதீங்க, வேலையக் குறைங்க: ரூம் போட்டோ, வாடகை, மேப், ஒரு வாட்ஸ்அப் பட்டன், அவ்ளோதான்.