போக ஆறு மணி நேரம், வர இருபத்தொன்றா?

கேள்வி: ஐயா, என் மகன் ஜனவரியில் இரண்டு மாதப் பயிற்சிக்கு லண்டன் போகிறான். கே.எல்.ஐ.ஏ.வில் (கோலாலம்பூர் விமான நிலையத்தில்) இரவு 11.40-க்கு ஏறினால் ஹீத்ரோவில் காலை 5.55-க்கு இறங்கலாம் என்று டிக்கெட்டில் இருக்கிறது. ஆறேகால் மணி நேரம்தானே! மார்ச் முதல் வாரம் திரும்பும்போது அங்கே காலை 11-க்கு ஏறி, இங்கே மறுநாள் காலை 7.55-க்கு வருகிறான். ஒரே தூரத்துக்கு ஏன் இப்படி? அவனைக் கேட்டால் சிரிக்கிறான்.
- ஒரு தாய், சுங்கை சிப்புட்

பதில்: சிரிக்கட்டும் அம்மா. என் அக்கா மகள் முதன்முதலில் போனபோது நானும் இப்படித்தான் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் மணி. குளிர்காலத்தில் லண்டன் நமக்கு 8 மணி நேரம் பின்னால். போகும்போது அந்த எட்டைக் கூட்டுங்கள்: 14 மணி 15 நிமிடம். வரும்போது கழியுங்கள்: 12 மணி 55 நிமிடம். (மார்ச் கடைசி ஞாயிறன்று அவர்கள் முள்ளைத் தள்ளி வைப்பார்கள், அப்புறம் வித்தியாசம் 7 மணிதான். நாமும் 1982 பிறந்தபோது அரை மணி தள்ளி வைத்தவர்கள்தானே. பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் காலையில் பேர் கூப்பிடும் இடத்துக்கு, போக இன்னும் இருட்டாக இருக்கிறது என்று அம்மா முணுமுணுத்தது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.)

சரி, அப்போதும் 1 மணி 20 நிமிடம் இடிக்கிறதே? ஒட்டுக்கடையில் கேட்டால், விமானம் மேலே இருக்கும்போது பூமி அடியில் சுற்றிவிடுகிறது என்பார்கள். பூமி கிழக்கே சுற்றுகிறது. அவர்கள் சொல்வது நிஜமானால் மேற்கே இருக்கும் லண்டன் போவதுதான் சீக்கிரம் முடிய வேண்டும். நடப்பது தலைகீழ். பூமியோடு காற்று மண்டலமும் சேர்ந்தே சுற்றுவதால் அந்தக் கணக்கு எடுபடாது.

உண்மையான காரணம் காற்று. விமானம் பறக்கும் பத்து கிலோமீட்டர் உயரத்தில், வழியின் வடபாதியில், ஜெட் ஸ்ட்ரீம் என்ற காற்று மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிறது. குளிர்காலத்தில் மணிக்கு 200 கிலோமீட்டரையும் தாண்டும். போகும்போது ஆற்றை எதிர்த்துப் படகு தள்ளுகிற கதை. வரும்போது ஆறே தள்ளிவிடும்.

தூரம் ஏறக்குறைய 10,600 கிலோமீட்டர். ஒரு தம்பூன் பம்பளிமாஸைப் பூமியாக நினைத்து, அதில் இரண்டு ஊருக்கும் இரண்டு புள்ளி வைத்து நூலை இறுக்கிப் பிடியுங்கள், அதுதான் குறுக்குவழி. சுவரில் மாட்டும் தட்டை வரைபடத்தில் அதே வழி வில்லாக வளைந்து தெரியும். ஆனால் விமானம் நூல் பிடித்தாற்போல் போக முடியாது. உக்ரைன் வான்வெளி 2022 பிப்ரவரியிலிருந்து பயணிகள் விமானங்களுக்கு மூடிக் கிடக்கிறது. சுற்றித்தான் போக வேண்டும்.

எனக்குக் கவலை வேறு. உங்கள் வீட்டிலிருந்து கே.எல்.ஐ.ஏ. சுமார் 300 கிலோமீட்டர். மூன்று மணி நேரம் முன்னால் அங்கே நிற்க வேண்டும். மாலை நாலு மணிக்கே காரைக் கிளப்புங்கள். வழியில் ஈப்போ சித்தி வீடு, தேநீர் என்று இறங்காதீர்கள்.

அவன் லண்டனில் இறங்கும்போது உங்கள் வீட்டுக் கடிகாரத்தில் மதியம் 1.55. குடிநுழைவு வரிசை, பெட்டி எல்லாம் முடிய ஒரு மணி நேரமாவது ஆகும். மூன்று மணிக்கு முன்னால் போன் வரவில்லையே என்று பதறாதீர்கள்.