தளிர் தேடிய பையன்

அன்புள்ள ஐயா,

எங்கள் தமிழம்மா சென்ற மாதம் காலமானார். செய்தி வாட்ஸப்பில் வந்தது, ஊருக்குப் போக முடியவில்லை. ஒன்பதாம் வகுப்பில் எனக்குப் பேச்சு திக்கும். தினமும் மதியம் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு செய்யுளைச் சத்தமாக வாசிக்கச் சொல்வார். நடுவில் திருத்த மாட்டார். நான் முடிக்கும்வரை டிபன் பாக்ஸைத் திறக்கவும் மாட்டார். "நீ தமிழ் எம்.ஏ. படிக்கணும்" என்பார். நான் ஐ.டி.ஐ. படித்து, இன்று மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். புத்தகம் என்று ஒன்றைக் கையில் எடுத்துப் பல வருடம் ஆகிறது. அவர் எனக்காகப் பட்ட பாடெல்லாம் வீண்தானே?

ஆர்., திருப்பூர்

அன்புள்ள ஆர்.,

உங்கள் கடிதத்தில் அந்தத் திறக்காத டிபன் பாக்ஸிலேயே நின்றுவிட்டேன். பசி நேரத்தில், திக்கித் திக்கி வரும் ஒரு பையனின் வரி முடியட்டும் என்று காத்திருப்பது சாதாரண விஷயமில்லை.

பழந்தமிழ் நூல்களை ஓலைச்சுவடிகளிலிருந்து தேடிப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையரின் கதையை உங்களுக்குச் சொல்ல வேண்டும். 1871இல், பதினாறு வயதில், மாயூரத்தில் (இன்றைய மயிலாடுதுறை) மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போய்ச் சேர்ந்தார். வீட்டில் வைத்த பெயர் வேங்கடராமன். சாமிநாதன் என்று அழைக்கத் தொடங்கியவர் பிள்ளைதான். ஆனால் பாடம் சொல்லும் பொறுப்பை முதலில் மூத்த மாணவர் ஒருவரிடம் விட்டுவிட்டார். பையனுக்கோ ஆசிரியர் வாயால் கேட்க வேண்டும் என்று தவிப்பு. பிள்ளைக்குத் தோட்டத்துச் செடிகள் தளிர் விட்டிருக்கின்றனவா என்று காலையில் போய்ப் பார்ப்பதில் பெரிய சந்தோஷம். அதைக் கவனித்த பையன், விடியும் முன்பே எழுந்து போய் எந்தக் கிளையில் புதுத் தளிர் என்று தேடி வைத்துக்கொண்டு, அவர் வந்ததும் காட்டுவான். அந்தப் பேச்சில்தான் நெருக்கம் வந்தது. அப்புறம் பாடமும் வந்தது.

பிள்ளை குறையே இல்லாதவர் என்று சொல்ல வரவில்லை. அந்தப் பையன் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் சங்கீதம் கற்றுக்கொண்டிருந்தான். அது பிள்ளைக்குப் பிடிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திவிட்டான். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். பிள்ளை சொல்லிக்கொடுத்தவை அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, தலபுராணம். 1880 அக்டோபரில் கும்பகோணத்தில் முன்சீபாக, அதாவது நீதிபதியாக இருந்த சேலம் இராமசாமி முதலியார், என்னென்ன படித்தீர்கள் என்று கேட்டபோது சாமிநாதையர் இவற்றைத்தான் அடுக்கினார். இவற்றால் என்ன பயன் என்ற மாதிரி கேட்டுவிட்டு, சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை, சிலப்பதிகாரம் படித்ததுண்டா என்று முதலியார் கேட்டார். எதையும் பிள்ளையிடம் பாடம் கேட்டதில்லை. பாடத்திட்டம் என்று பார்த்தால், அந்த ஐந்து வருடமும் வீண் என்று அன்றைக்கே முடிவுகட்டியிருக்கலாம். ஏழு வருடம் கழித்து, 1887இல் அதே சாமிநாதையர் சுவடிகளிலிருந்து பதிப்பித்த சீவக சிந்தாமணி அச்சில் வந்தது. ஆசிரியர் செய்யுள் சொல்லச் சொல்ல ஏட்டில் எழுதிப் பழகிய கையும், ஒரு சொல்லுக்காக நாள்கணக்கில் காத்திருக்கும் பொறுமையும் சுவடிக்கு முன் உட்கார்ந்தபோது கூடவே இருந்தன. பிள்ளை கொடுத்த பெரிய சொத்து அதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அதனால்தான் எம்.ஏ. விஷயத்தை வைத்து உங்களை நீங்கள் எடை போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. தமிழம்மாவுக்கு அந்த ஆசை இருந்திருக்கும், உண்மைதான். ஆனால் அந்த மதிய வேளைகளில் அவர் செய்தது வேறு. ஒரு மனிதன் சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்க இடம் கொடுத்தார். உங்கள் கடையில் வேலை பழகும் பையன்கள் இருப்பார்கள். அவர்களில் ஒருவன் சுற்றைத் தப்பாகப் போட்டுவிட்டால், கையிலிருந்து பிடுங்காமல் அவனையே பிரித்துப் போட விடுகிறீர்களா? விடுகிறீர்கள் என்றால், அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.

கடைசியாகப் போய்ப் பார்க்க முடியவில்லை என்ற வலிக்கு என்னிடம் பதில் இல்லை. 1876 பிப்ரவரி 1ஆம் தேதி திருவாவடுதுறையில் பிள்ளையின் உயிர் பிரிந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்து திருவாசகத்தின் அடைக்கலப்பத்தை வாசித்தவர் சாமிநாதையர். அந்தப் பேறு எல்லோருக்கும் கிடைக்காது. ஆனாலும் ஆசிரியரின் வரலாற்றை அவரால் இரண்டு பாகமாக எழுதி வெளியிட முடிந்தது 1933, 34இல்தான். ஐம்பத்தேழு வருடம் கழித்து.

நீங்கள் ஊருக்குப் போகும்போது தமிழம்மா வீட்டுக்குப் போங்கள். அந்த டிபன் பாக்ஸ் கதை அவர் பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்கலாம், சொல்லுங்கள். தினமும் வாசித்த செய்யுள்களில் ஏதாவது ஒன்று இன்னும் மனப்பாடமாக இருக்குமே? எது என்று எனக்கும் எழுதுங்கள்.