நாலு வருஷக் கிடாயும் 'ஜீன் மாத்தின' கிடாயும்

திருகோணமலை மாவட்டத்துத் தோப்பூரில் இருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்:

"என்னிடம் 14 மறியாடுகள் (பெட்டை ஆடுகள்) நிற்கின்றன. கிடாய் என்றால், நாலு வருஷத்துக்கு முன் வாங்கின, ஜமுனாபாரி என்ற இந்திய ஆட்டினத்தின் கலப்புக் கிடாய் ஒன்றுதான். அதற்குக் கொம்பில்லை. முதல் இரண்டு வருஷமும் பிறந்த குட்டிகள் நல்ல வாட்டசாட்டம். இப்போது பிறப்பவை சின்னன். இரண்டு மூன்று நாளில் செத்தும் போகின்றன. ஒரு குட்டிக்குக் கீழ்த்தாடை கட்டை. தகப்பனைப்போலக் கொம்பில்லாத மறிகளும் பட்டியில் உண்டு. கடைசி ஈற்றில் பிறந்த கொம்பில்லாத மறிக்குட்டிகளில் இரண்டு, வளர்ந்தும் சினைப்படவில்லை. ஒன்று மற்ற ஆடுகள்மேல் ஏறுகிறது. ஆட்டுத் தரகர் ஒருவர், 'இரத்தம் கெட்டுப் போச்சு, ஜீன் மாத்தின கிடாய் ஒன்று கொண்டுவந்து தாறன். பிறக்கிறது எல்லாம் இரட்டைக் குட்டி, கொம்பும் வராது' என்று ஒன்றரை லட்சம் கேட்கிறார். வாங்கலாமா?"

வாங்காதீர்கள். தரகர் சொன்னதில் பாதி சரி: உங்கள் கிடாய் பட்டியை விட்டுப் போக வேண்டியதுதான். ஆனால் அவர் கொண்டுவருவதாகச் சொல்லும் சாமான் கிண்ணியாவிலும் இல்லை, கொழும்பிலும் இல்லை.

ஜீன் மாற்றுவது என்றால் ஆய்வுகூடத்தில் ஒரு கருவுக்குள்ளோ கலத்துக்குள்ளோ வேண்டிய ஒரு மரபணுவைச் செலுத்தி, அதைத் தாய் ஆட்டின் கருப்பையில் வைத்துக் குட்டியாக்குவது. ஆட்டில் இது நடந்திருக்கிறது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் மனிதப் புரதம் ஒன்றைப் பாலில் சுரக்கும் ஆடுகளை அமெரிக்காவில் உருவாக்கினார்கள். அந்தப் புரதத்தில் செய்த மருந்துக்கு 2006இல் ஐரோப்பாவும் 2009இல் அமெரிக்காவும் அனுமதி கொடுத்தன. அந்த ஆடுகள் காவல் போட்ட பண்ணைக்குள் வளர்ந்தவை. மற்ற ஆடுகளைவிடப் பெரிதும் இல்லை, கூடக் குட்டி போட்டதும் இல்லை. நாட்டு மறிக்கு ஜமுனாபாரிக் கிடாயை விட்டுக் கலப்பெடுப்பதற்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அது நம்முடைய முப்பாட்டன்மார் செய்துவந்த தெரிவு இனவிருத்தி: நல்லதை நல்லதோடு சேர்ப்பது, மற்றதைக் கழிப்பது. 'ஜீன்' என்ற சொல்லைச் சேர்த்தால் விலையில் ஐம்பதாயிரம் கூட்டலாம் என்பது தரகர்களுக்குத் தெரியும்.

சரி, குட்டி ஏன் சிறுத்தது? ஒவ்வொரு குணத்துக்கும் ஆட்டின் உடம்பில் இரண்டு சீட்டு இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று தாய் தந்தது, மற்றது தகப்பன் தந்தது. எந்த நல்ல ஆட்டிலும் சில பழுதான சீட்டுகள் ஒளிந்திருக்கும். கூட இருக்கும் நல்ல சீட்டு அதை மூடிக்கொண்டிருப்பதால் வெளியே தெரியாது. உங்கள் கிடாயின் மகள் வளர்ந்து, அதே கிடாயிடம் சினைப்பட்டால், அந்தக் குட்டிக்கு நூறு குணத்தில் சராசரியாக 25இல் இரண்டு சீட்டும் கிடாயின் ஒரே சீட்டின் பிரதியாக வரும். அந்தக் குட்டியும் மறியாகி, மறுபடி அதே கிடாயிடம் போனால் 37.5. மூடியிருந்த பழுது அப்போது வெளியே வரும். பிறப்பு நிறை குறைவது, பால் குடிக்கத் தெம்பில்லாமல் சாவது, சினை நிற்காமை எல்லாம் இதன் அடையாளம். கட்டைத் தாடையும் பெரும்பாலும் இந்த வழியால் வருவதுதான்.

முதல் இரண்டு வருஷமும் குட்டிகள் வாட்டசாட்டமாக இருந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒன்றுக்கொன்று தூரமான இரண்டு இனம் சேர்ந்தால் முதல் தலைமுறைக்கு ஒரு வீரியம் வரும். கலப்பினத்தைக் கலப்பினத்தோடு சேர்த்தால் அந்த வீரியத்தில் பாதி அடுத்த தலைமுறையிலேயே போய்விடும். 'இரத்தம் கெட்டுப் போச்சு' என்று தரகர் சொல்வது இந்தக் கணக்கைத்தான். அதற்கு மருந்து ஒன்றரை லட்சம் இல்லை.

இன்னொன்றையும் கேட்க வேண்டியிருக்கிறது. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன் உங்கள் பட்டியில் எந்தக் கிடாய்க்குட்டி விற்கப்படுகிறது? மிகப் பெரியது, குறையில்லாதது, நல்ல விலை போவது. விலைபோகாத நோஞ்சான் பட்டியில் நிற்கிறது. யாரும் கவனிக்காத நேரம் அதுவும் தகப்பனாகிறது. நாலு மாதத்திலேயே கிடாய்க்குட்டியால் சினையாக்க முடியும். தெரிவு இனவிருத்தி செய்யவில்லை என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்; செய்துகொண்டுதான் இருக்கிறீர்கள், தலைகீழாக. மூன்று மாதம் ஆனதும் கிடாய்க்குட்டிகளைப் பிரித்துக் கட்டுங்கள், அல்லது நலந்தட்டுங்கள் (விதையடியுங்கள்). பெருநாளுக்கு விற்க வளர்ப்பதை மட்டும் நலந்தட்டாமல் தனியே வையுங்கள்.

இனிக் கொம்பு விஷயம். இதில் கொஞ்சம் நேரம் எடுக்கத்தான் வேண்டும். உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தின வரி அதுதான். அதைத்தான் தரகர் புகழ்ந்து விற்கிறார்.

ஆட்டில் கொம்பில்லாமை ஓங்கிய குணம். இரண்டு சீட்டில் ஒன்று 'கொம்பில்லை' என்றிருந்தாலே தலை மொட்டைதான். இதனோடு இன்னொன்று ஒட்டிக்கொண்டு வருகிறது: இரண்டு சீட்டும் 'கொம்பில்லை' என்று அமைந்த பெட்டைக்குட்டி பெட்டையாக வளராது. பிறக்கும்போது மறிபோலவே இருக்கும். வாலைத் தூக்கிப் பார்த்தால் பெண்குறியின் கீழ் நுனியில் பயற்றங்கொட்டை அளவு ஒரு மொட்டு தெரியும். சிலதில் மலவாயிலுக்கும் பெண்குறிக்கும் இடைவெளி வழமையைவிட அகலமாக இருக்கும். வளர வளரக் கழுத்து தடிக்கும், கிடாய் வாடை வரும், மற்ற மறிகள்மேல் ஏறும், ஒருநாளும் சினைப்படாது. 2001இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் இதற்குக் காரணமாக ஆட்டின் முதலாம் நிறமூர்த்தத்தில் (மரபணுக்கள் கோர்த்திருக்கும் இழையில்) சுமார் 11,700 மரபு எழுத்து நீளமான துண்டு ஒன்று இல்லாமற்போயிருப்பதைக் காட்டினார்கள். சானன், அல்பைன் போன்ற ஐரோப்பியப் பாலாடுகளில் இது நன்றாக அறியப்பட்ட சங்கதி.

உங்கள் கிடாய் மொட்டை. அதன் மகள்களில் சிலவும் மொட்டை. தகப்பனும் மகளும் ஒவ்வொரு மொட்டைச் சீட்டு வைத்திருந்து சேர்ந்தால், எட்டுக் குட்டியில் சராசரியாக ஒன்று இப்படிப் பிறக்கும். பெட்டையாகப் பிறக்க வேண்டியவற்றில் நாலில் ஒன்று. சினைப்படாத உங்கள் இரண்டும் அநேகமாக இதுதான். வாலுக்கடியில் பார்த்து மிருக வைத்தியரிடமும் காட்டி உறுதி செய்யுங்கள். ஆனால் 'சினை ஊசி' போடுகிறேன் என்று வருபவருக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள். ஊசியால் திரும்புகிற விஷயம் இல்லை இது. வளர்த்து இறைச்சிக்கு விற்பதே வழி.

இதற்கு விதி ஒன்றுதான்: மொட்டை மறிக்குக் கொம்புள்ள கிடாய். பெற்றோரில் ஒன்றுக்குக் கொம்பு இருந்தால் குட்டிக்கு இரண்டு மொட்டைச் சீட்டு சேரவே முடியாது. மொட்டையாகப் பிறந்தாலும் பெட்டை பெட்டையாகவே இருக்கும். ஆகவே மொட்டைக் கிடாய் ஒன்றை 'உயர்ந்த சாதி' என்று கொண்டுவந்தால் திருப்பி அனுப்புங்கள். ஜமுனாபாரிக்குக் கொம்பு இயல்பு. கொம்பில்லாத 'ஜமுனாபாரி' என்றால் வேறு இரத்தம் கலந்திருக்க வேண்டும், இல்லையேல் குட்டியில் கொம்பைச் சுட்டிருக்க வேண்டும். உச்சியைத் தடவிப் பாருங்கள்: சுட்டதென்றால் மயிரில்லாத வடுவோ கோணலாய் முளைத்த கொம்புத் துண்டோ கைபடும், பிறவி மொட்டை என்றால் உருண்டையான மேடும் அதன்மேல் நகரும் தோலும். சுட்ட கிடாய் கொம்புள்ள கிடாய்க்குச் சமம், அதை வாங்கலாம்.

'எல்லாம் இரட்டைக் குட்டி' என்ற பேச்சுக்கு இவ்வளவு தேவையில்லை. எத்தனை முட்டை இறங்குகிறது என்பது மறியின் காரியம், கிடாய் அதில் கை வைக்க முடியாது. இரட்டைக்குப் பிறந்த கிடாயால் பலன் அதன் மகள்களில்தான் தெரியும், அதுவும் கொஞ்சமாக. இரட்டைக் குட்டி வேண்டுமென்றால் கிடாய்க்கு விடுவதற்கு மூன்று கிழமைக்கு முன்னிருந்து மறி ஒன்றுக்கு ஒரு நாளைக்கு 250 கிராம் தவிடும் தேங்காய்ப் புண்ணாக்கும் கலந்து வையுங்கள். மெலிந்த மறிகளில் வித்தியாசம் தெரியும்.

புதுக் கிடாய் வாங்கப் போகும்போது காதின் நீளத்தை அளக்காதீர்கள். காது நீளமான கிடாய்க்கு ஏன் பத்தாயிரம் கூடுதலாகக் கேட்கிறார்கள் என்பது புரியாத புதிர். காது பாலும் தராது, இறைச்சியும் தராது. வாயைத் திறந்து பாருங்கள். ஆட்டுக்கு மேல் முன்பல் கிடையாது. கீழ்ப் பல்வரிசை மேல் ஈற்றுத் தசையில் சரியாகப் பொருந்த வேண்டும். ஜமுனாபாரியின் மூக்கு கிளிமூக்காக வளைந்திருப்பதால் கட்டைத் தாடை பார்வைக்கு மறைந்துவிடும், விரலை விட்டுத்தான் அறிய வேண்டும். நடுவில் ஒரு சோடிப் பெரிய பல் விழுந்து முளைத்திருந்தால் ஒரு வயதைத் தாண்டியது, இரண்டு சோடி என்றால் இரண்டு வயதளவு. விதை இரண்டும் கீழிறங்கி, ஒரே அளவாக, கையில் இறுக்கமாக இருக்க வேண்டும். காலையில் வயிறு முட்டிக்கொண்டு நிற்கும் கிடாய்க்கு உப்புத் தண்ணீர் பருக்கியிருப்பார்கள். மறுநாள் சாயந்தரம் போய்ப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாகத் தாயைக் காட்டச் சொல்லுங்கள். இரட்டை போட்டு இரண்டையும் வளர்த்த தாயின் மகன் என்றால் பாதி வேலை முடிந்தது. தாயைக் காட்ட மறுத்தால் அங்கேயே கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

பக்கத்து ஊரில் வாங்கினால் வேற்று இரத்தம் என்று நம்பிவிடக் கூடாது. கிளிவெட்டியில் நிற்கும் கிடாயும் உங்கள் கிடாயும் ஒரே பண்ணையில் ஒரே தகப்பனுக்குப் பிறந்திருக்கலாம். ஆடு வளர்ப்புத் திட்டங்களில் கிடாய் பகிர்கிறார்கள், மாலை போட்டுப் படமும் எடுக்கிறார்கள். எந்தக் கிடாயின் தகப்பன் எது என்று ஒரு துண்டுக் காகிதம் கூடச் சேர்த்துக் கொடுப்பதில்லை. காதிலே போட்ட இலக்கத் தோடு முள்வேலியில் அறுந்து விழுந்தால் அதோடு வரலாறு முடிந்தது. செயற்கைச் சினைப்படுத்தலும் அப்படித்தான். மறி பருவத்துக்கு வந்து கத்தத் தொடங்கினால் ஒன்று, ஒன்றரை நாளுக்குள் அடங்கிவிடும், பிறகு 21 நாள் காத்திருக்க வேண்டும். நீங்கள் காலையில் அழைத்தால் ஆள் மாட்டுக்குப் போயிருப்பார், மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய் இருக்காது, கடைசியில் ஆட்டு விந்து கைவசம் இல்லை என்பார்கள். பதிவு செய்துவிட்டுக் காத்திருந்து இன்னொரு வருஷத்தை வீணாக்காதீர்கள்.

செலவைக் குறைக்க ஒரு வழி இருக்கிறது. 14 மறிக்காக இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை தனியே புதுக் கிடாய் வாங்குவது நட்டம்.  உறவில்லாத மூன்று கிடாயை மூன்று வீட்டார் சேர்ந்து வாங்கி, வீட்டுக்கு ஒன்றாக வைத்து, வட்டத்தில் மாற்றுங்கள். முதல் கிடாயின் மகளுக்கு இரண்டாவது கிடாய், அதன் மகளுக்கு மூன்றாவது. எப்போது மாற்றுவது என்பதில்தான் எல்லோரும் பிழைவிடுகிறார்கள். ஓகஸ்ட் நடுப்பகுதியில் கிடாயை மறிகளோடு விட்டு 42 நாளில் பிரித்துக் கட்டினால், ஒவ்வொரு மறியும் இரண்டு முறை கத்த வாய்ப்புண்டு. சினை 150 நாள். ஜனவரி நடுவில் இருந்து பெப்ரவரி முடிவுக்குள் ஈனும். மாரி மழையில் நனைந்து குட்டி சாவது குறையும், குழையும் நிறையக் கிடைக்கும். அந்தக் குட்டிகளுக்கு அடுத்த ஓகஸ்டில் ஆறு, ஏழு மாதம். தாய் 30 கிலோ என்றால் மகள் 20 கிலோ வரும்வரை கிடாய்க்கு விடக் கூடாது. அந்த 42 நாளும் அவற்றை வேறு கொட்டிலில் அடையுங்கள். ஆக ஒரு கிடாய் ஒரு வீட்டில் இரண்டு பருவம் நிற்கலாம், மூன்றாவது ஓகஸ்டுக்கு முன் அடுத்த வீட்டுக்குப் போய்விட வேண்டும்.

ஒரு கொப்பி எடுங்கள். பிறந்த நாள், தாய், தகப்பன், ஒற்றையா இரட்டையா, பிறந்த அன்று நிறை, மூன்றாம் மாத நிறை. இவ்வளவும் எழுதினால் போதும். தூக்குத் தராசும் ஒரு சாக்கும் வேண்டும். மறிக்குட்டிகளில் எவற்றை இனத்துக்கு வைத்துக்கொள்வது என்று மூன்றாம் மாத நிறையை வைத்து முடிவு செய்யுங்கள். ஆனால் இரட்டையை இரட்டையோடுதான் ஒப்பிட வேண்டும், ஒற்றைக்குட்டி எப்போதும் கனமாகத்தான் இருக்கும். கட்டைத் தாடைக் குட்டியையும் அதன் தாயையும் இனத்துக்கு வைக்காதீர்கள்.

புதுக் கிடாயை வண்டியில் ஏற்ற முன் மிருக வைத்தியரின் சுகாதாரச் சான்றும் போக்குவரத்து அனுமதியும் எடுத்துவிடுங்கள். பொலிஸ் மறித்தால் தரகர் இறங்கி நடந்துவிடுவார், ஆடு உங்கள் தலையில். வந்ததும் 30 நாள் தனிக் கொட்டிலில், வேறு தண்ணீர்த் தொட்டியோடு கட்டிப் பூச்சி மருந்து கொடுங்கள். பழைய கிடாயை அந்த 30 நாளுக்குள் இறைச்சிக்கு விற்றுவிடுங்கள். பக்கத்து வீட்டாருக்கு 'சும்மா வைச்சுப் பாருங்கோ' என்று கொடுக்க வேண்டாம். உங்களிடம் குட்டி வாங்கியவர் அவராகவும் இருக்கலாம்.